மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெண்களின் ரத்தசோகை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்ல வேண்டியதை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் ரத்தம் ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பதில் சாப்பாட்டோடு நின்றுவிட்டது. நான் ஏற்காடு மலைக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மாத்திரையை ஒழுங்காக முழுங்கியும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டாத பெண்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால், பேச்சு பெரும்பாலும் மாதவிலக்கில்தான் வந்து நிற்கும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன?

"தூரமாகும்போது அதிகமாகப் போகுதா?" என்று நேராகக் கேட்டால், "எல்லாருக்கும் போற மாதிரிதான் நர்ஸம்மா" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அடுத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நான் காபித் தோட்டத்து வேலையைப் பற்றிக் கேட்பேன். பழம் பறிக்கும் சீசனில், அந்த நாட்களில் வேலைக்குப் போவீங்களா? "முதல் ரெண்டு நாள் போறதில்லைங்க. சரிவுல நின்னா காலு நடுங்குது, துணி மாத்த இடமும் இல்ல." ராத்திரி? "ரெண்டு தடவை எந்திரிப்பேன். பாய் மேல சாக்கு விரிச்சுத்தான் படுக்கிறது." கூலி கிடைக்கிற சீசனிலும் ஒருத்தி வீட்டில் உட்காருகிறாள் என்றால் அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகப்போக்கு என்று பாடத்தில் உண்டு. வீட்டில் யார் அளப்பது? ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய பெரிய கட்டியாக விழுவது, 8 நாளுக்கு மேல் நீடிப்பது, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருப்பது: இதில் ஒன்று இருந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காரணம் வயதுக்கு வயது மாறும். வயதுக்கு வந்த புதிதில் கருமுட்டை சரியாக வெளிப்படாததால் மாதம் முன்பின்னாக வரும். பெரும்பாலும் தானாகச் சீராகிவிடும். ஆனால் முதல் மாதவிலக்கிலிருந்தே கொட்டினால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் முதலில் செய்ய வேண்டியது கர்ப்பத்துக்கான சிறுநீர்ப் பரிசோதனைதான். நாள் தள்ளிப்போய், கொஞ்சம் போக்கும், அடிவயிற்றில் ஒரு பக்க வலியும், மயக்கமும் வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். நாற்பதை ஒட்டி கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்ற சதைக்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடிப்பது, தைராய்டு, ஹார்மோன் கோளாறு என்று பல இருக்கும்.

என் நாத்தனார் மகளுக்கு 34 வயதில் இப்படி ஆனது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், "ரெண்டு பிள்ளை இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று தேதியே குறித்துவிட்டார்கள். தைராய்டு பரிசோதனை என்ற பேச்சே இல்லை. வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் போக்கு அடங்கிவிட்டது.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சரியான வைத்தியம். அதற்கு முன்னால் போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, காப்பர்-டி போலவே உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வழிகள் இருக்கின்றன. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன்பே அது நின்ற நிலை வந்துவிடும்; எலும்பும் தேயத் தொடங்கும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எடுக்கச் சொன்னால், ஏன், வேறு வழி பார்த்தாயிற்றா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, இதைத் தடித்த எழுத்தில் போட்டாலும் நல்லது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும். "திரும்பவும் வந்திருக்கு, உடம்புல தெம்பு இருக்கு" என்று சந்தோஷப்பட்ட பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு அது பிறப்புறுப்பு வறண்டுபோவதால் வருவதாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் அதுதான். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மலையில் காபி இல்லாமல் காலை விடியாது. அந்தக் காபியோடேயே இரும்புச்சத்து மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பெண்களிடம் மாதவிலக்கு பற்றியும் இரண்டு கேள்வி கேட்கட்டும். ஸ்கேனுக்காகச் சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மகப்பேறு மருத்துவர் மூன்றும் ஒரே நாளில் கிடைக்கிற மாதிரி மாதம் ஒரு முகாமை மலையிலேயே நடத்தினால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். அப்புறம், உங்கள் இதழில் இதைப் பற்றி ஒரு மகப்பேறு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். ஆண்களும் படிக்கிற பக்கத்திலேயே அதைப் போடுங்கள், மகளிர் பக்கத்தில் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு பல வீடுகளில் ஆண்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நாகலூர், ஏற்காடு.