எலக்ட்ரானைப் பந்தாக வரையாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காந்தம் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை, பாம்பனில் என்னிடம் டியூஷன் படிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். கட்டுரை பரவாயில்லை, படம்தான் தொல்லை. ஒரு குட்டிப் பந்து பம்பரம் மாதிரி சுழல்கிறது, மேலே வடக்கு, கீழே தெற்கு, பக்கத்தில் எலக்ட்ரான் என்று பெயர்.

இது பிறந்த அன்றே அடிவாங்கிய படம். 1925-ல் நெதர்லாந்தில் உலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று சொன்னபோது, மூத்த இயற்பியலாளர் லோரன்ஸ் கணக்குப் போட்டுவிட்டு இது நடக்காது என்றார். நீங்களும் போட்டுப் பார்க்கலாம்: அந்தக் காலத்தில் எலக்ட்ரானுக்குச் சொன்ன ஆரத்தை வைத்துக்கொண்டால், தேவையான கோண உந்தம் (சுழற்சிக்கு உள்ள உந்தம்) கிடைக்க அந்தப் பந்தின் விளிம்பு ஒளியைவிடச் சுமார் 170 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். எலக்ட்ரான் அதைவிட மிகமிகச் சிறியது என்று இன்று தெரியும், பந்து சிறுக்கச் சிறுக்க வேகம் இன்னும்தான் ஏறும்.

சரி, அப்படியானால் சுழற்சி என்பது கணக்குக்காக ஒட்டவைத்த எண்தானா? உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி அப்படித்தான் சொல்லி நழுவுகிறது, எனக்குப் படத்தைவிட அதுதான் அதிகம் உறுத்தியது. 1915-ல் ஐன்ஸ்டீனும் டி ஹாஸும் ஓர் இரும்புத் தண்டை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்து, மின்னோட்டத்தைத் திசை மாற்றினார்கள். தண்டின் காந்தம் தலைகீழானது, கூடவே தொங்கிய தண்டும் லேசாகத் திரும்பியது. உள்ளே எலக்ட்ரான்களின் கோண உந்தம் மாறினால் அதை ஈடுகட்ட இரும்பு எதிர்ப்பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்! வெறும் எண் இரும்பைத் திருப்பாது.

எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுவதால்தான் காந்தம் என்றால், இவ்வளவு கோண உந்தத்துக்கு இவ்வளவு காந்தத் திருப்புத்திறன் (காந்தமாக எவ்வளவு வலிமை என்ற அளவு) என்று ஒரு கணக்கு உண்டு. பின்னால் கவனமாக அளந்தவர்களுக்கு இரும்பில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அந்த இரண்டு, 1928-ல் இயற்பியலாளர் டிராக் எலக்ட்ரானுக்காக எழுதிய சமன்பாட்டிலிருந்து தானாக வந்து விழுந்தது, பந்து எதையும் அவர் சுற்றவிடவில்லை. நுணுக்கமாக அளந்தால் 2.00232. அந்த மிச்சத்துக்கும் 1948-ல் ஷ்விங்கர் காரணம் சொல்லிவிட்டார். சுழல்வது பந்து இல்லையென்றால் எது என்று பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். எலக்ட்ரானின் அலைப்புலத்தில் ஆற்றல் வட்டமாகப் பாய்வதாக அதைப் பார்க்கலாம் என்று 1939-ல் பெலின்ஃபான்டே காட்டினார், நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இது ஒன்றும் எட்டாத சங்கதி இல்லை. ஜிபிஎஸ் வந்த பிறகும் விசைப்படகில் காம்பஸ் இருக்கிறது, பக்கத்தில் இரும்புச் சாமானை வைத்தால் முள் விலகிவிடும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். அந்த முள்ளின் காந்தத்தில் பெரும்பங்கு எலக்ட்ரான் சுழற்சியிலிருந்து வருவது, அணுக்கருவைச் சுற்றுவதால் வருவது கொஞ்சம்தான்.

அடுத்த முறை படம் போடுவதானால் அந்தத் தொங்கும் தண்டையும் கம்பிச்சுருளையும் போடுங்கள். வரைய ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், என் மாணவர்களே வரைந்து அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்