நாங்களா வாரிக் கொடுத்தோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சட்டம் உருவான கதையைக் கட்டுரையாளர் முறையாகவே தந்திருக்கிறார். ஆனால், 'மக்கள் தங்கள் விவரங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டுப் பிறகு அரசைக் குறை சொல்கிறார்கள்' என்று முடிவில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாக இவ்விதழை வாங்கிப் படித்துவரும் எனக்கு அந்த வரி பெரும் மனவருத்தத்தைத் தந்தது. அது தங்கள் பார்வைக்கு வந்த பிறகுதான் அச்சேறியிருக்கும் என்பதால் வருத்தம் இன்னும் கூடுகிறது.

பெங்களூரில் மருந்துக் கடைக்குப் போனாலும் துணிக்கடைக்குப் போனாலும், பில் போடுமுன் கைப்பேசி எண்ணைத்தான் கேட்கிறார்கள். எண்ணைத் தரும்படி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியதைத் தாங்கள் அறிவீர்கள். அதை நான் ஒரு கடையில் எடுத்துச் சொன்னபோது, "நம்பர் போடலைன்னா அடுத்த பக்கமே வராது சார்" என்றாள் பில் போடும் பெண். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் எண்ணைச் சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டேன். இதுவும் வாரிக் கொடுத்த கணக்கில்தான் சேருமா?

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்த இடத்திலும் இதே கதைதான். அந்த வாரமே, சர்க்கரை நோயாளிகளுக்கான சிறப்புத் திட்டம் என்று சொல்லி, அவள் பெயரையும் வயதையும் பிசகாமல் கூறி யாரோ அழைத்தார்கள். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பரிசோதனை நிலையத்தில் போய்க் கேட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

நான் வங்கியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த அன்று முதலில் என்னிடம் கையெழுத்து வாங்கியது, வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற ரகசியக் காப்பு உறுதிமொழியில்தான். ஒருவர் தம் கணக்கின் இருப்பைக் கேட்டால், அடுத்து நிற்பவர் கண்ணில் படாதபடி லெட்ஜரைச் சாய்த்துப் பிடித்துத் துண்டுத் தாளில் எழுதித் தருவோம். மற்றவர் விவரம் நம் கையில் இருந்தால் அது நம் பொறுப்பு என்பது கணினி வருமுன்பே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். இன்று அதே வாடிக்கையாளரைப் பார்த்து, நீ ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறார்கள்.

எனக்காவது எதிர்த்துக் கேட்க வாயும் நேரமும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு அவை இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழ் மட்டுமே எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்கள் குடியிருப்பில் வாயிற்கதவுச் செயலி வந்ததும் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டார்கள். எதற்கு என்றோ, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்றோ யாரும் சொல்லவில்லை. அவர் எந்த வீட்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பது இப்போது அவர் வேலை செய்யும் அத்தனை வீட்டாரின் கைப்பேசியிலும் தெரிகிறது. ஒரு நாள் காவலர் அறைக்குப் போனபோது, மேசைமேல் அந்த ஜெராக்ஸ் தாள்கள் கட்டாகக் கிடப்பதைக் கண்டேன். மேலே இருந்த தாளில் ஒரு பெண்ணின் முகத்தின்மீது டீ டம்ளரின் வட்டக் கறை. பன்னிரண்டு இலக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. "ஏன் கொடுத்தீங்க?" என்று எங்கள் அம்மாளைக் கேட்டதற்கு, "கொடுக்கலைன்னா உள்ளே விட மாட்டாங்க சார்" என்றார். தங்கள் கட்டுரையாளருக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் எழுத முடியாது.

ஆதார் நகலைக் கண்டவரிடமெல்லாம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் மக்களை எச்சரித்தது ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம்தான். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி, இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அரசே இப்படி முன்னுக்குப் பின் பேசினால் சாமானியன் எதைப் பிடித்துக்கொள்வது?

ஒப்புதல் என்பது நிர்ப்பந்தமின்றி, நிபந்தனையின்றிப் பெறப்பட வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டுமே அதன்பேரில் பயன்படுத்தலாம் என்று 2023ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் சொல்கிறது. விவரம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தானே என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வர மேலும் பதினெட்டு மாதம், அதாவது 2027 மே வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் இருந்தால் தனிநபர் விவரத்தையும் தரலாம் என்றிருந்த வரியை நீக்கிய திருத்தத்துக்கு மட்டும் ஒரு நாள்கூட அவகாசம் தேவைப்படவில்லை. அது உடனே அமலுக்கு வந்துவிட்டது. பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருக்கிறார். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு அதில் சல்லிக்காசும் வராது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். இழப்பீடு கேட்க இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் இந்தச் சட்டம் முழுமையாக அமலாகும்போது நீக்கப்படும். பொய்ப் புகார் கொடுக்கும் குடிமகனுக்கோ 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளிக்கக் காரணமானவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012இல், வழக்குத் தொடுத்தவர் அவர். 2024 அக்டோபரில் அவர் மறைந்தபோதும் இந்தச் சட்டத்தின் விதிகள் வந்திருக்கவில்லை. அவர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, வாரிக் கொடுத்தவர்கள் என்ற பழியைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டுதான். ஒப்புதல், அறிவிப்பு, விவரங்களை அழிக்கக் கோரும் உரிமை ஆகியவை பற்றிய பிரிவுகளை எளிய தமிழில், வெட்டி வைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கள் வீட்டு அம்மாளுக்கு நானே படித்துக் காட்டுகிறேன். அடுத்து, தங்கள் இதழின் சந்தா புதுப்பிப்புப் படிவம் முகவரியோடு பிறந்த தேதியையும் கட்டாயமாகக் கேட்கிறது. இதழை அஞ்சலில் அனுப்ப அது எதற்கு? அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இம்முறை அதை வெறுமையாக விட்டே அனுப்பியிருக்கிறேன்; சந்தாவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.