சாமிக் காட்டுக்குள் பாதை வேண்டாம்: ஊராருக்கு ஒரு மடல்

நத்தம் பக்கத்து நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா தங்கச்சிகளுக்கும், இளவட்டத் தம்பிகளுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை விடிகாலையில் சாமிக் காட்டு ஓரம் போயிருந்தேன். சுண்ணாம்புப் பொடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள், ஆறடி இடைவெளியில், தெற்கே தொடங்கிப் புற்றைச் சுற்றிக்கொண்டு காட்டின் ஊடே போகின்றன. கோட்டுக்குள் அகப்பட்ட மரங்களில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர். எண்ணிப் பார்த்தேன், 31. நடைபயிற்சிப் பாதையாம். சிமென்ட் கல் பதித்து, விளக்குக் கம்பமும் நடப்போகிறார்களாம்.

17ஆம் நம்பர் போட்டிருப்பது எந்த மரம் தெரியுமா? புற்றுக்கு மேற்கே நிற்கும் காயா. அழகரைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் பூக்குமே, அதேதான். “நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இது இந்தப் பருமன்தான்” என்று அப்பத்தா சொல்வார். அவ்வளவு மெதுவாக வளரும் மரம். வெட்டிவிட்டு வேறு கன்று நட்டுக்கொள்ளலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர் இந்த மூன்று ஏக்கரை வேலி போட்டுக் காக்கவில்லை. உள்ளே போகாமல் இருந்தே காத்தார்கள். கும்பிடுக்கு மட்டும் போவோம், செருப்பை எல்லையிலேயே கழற்றுவோம், காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கமாட்டோம். அதனால்தான் அங்கே சருகு கணுக்கால் உயரம் கிடக்கிறது. அந்தச் சருகை நம்பித்தான் ஆறுமணிக் குருவி வடக்கேயிருந்து ஒவ்வொரு வருசமும் வருகிறது. போன கார்த்திகையில் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். அலகால் ஓர் இலையைப் புரட்டியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, புழுவை இழுத்தது, அடுத்த இலைக்கு நகர்ந்தது. பாதை போட்டால் முதலில் கூட்டித் தள்ளப்படுவது சருகுதான்.

இரவில் தேவாங்கு இருக்கிறது. அதற்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்த கிளையை எட்டிப் பிடிக்கும். 31 மரங்களை எடுத்துவிட்டால் கொப்போடு கொப்பு சேராது. பிறகு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், அங்கே நாய்கள் இருக்கும். இந்தத் தேவாங்குக்காகத்தான் நம் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,800 ஹெக்டேருக்கு மேல் 2022இல் கடவூர் சரணாலயமாக அறிவித்தார்கள். நிழல் விலகி வெயில் இறங்கிய இடத்தில் உண்ணிச்செடி எப்படி ஏறும் என்பதை ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்கள் நடக்க இடமில்லை என்பது உண்மைதான். என் அம்மாவே தார்ச்சாலை ஓரத்தில் லாரிக்குப் பயந்து பயந்துதான் நடக்கிறார். பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்மாய்க் கரையில் போடுங்கள் என்கிறேன். காற்றோட்டமான இடம், ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, கரையும் பலப்படும்.

நாம் சொன்னால் யார் கேட்பார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அரிட்டாபட்டி நமக்கு எவ்வளவு தூரம்? டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன, மதுரைக்கு ஊர்வலம் போயின. 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், காசம்பட்டி வீரகோயில் காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிர்களுக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது. அந்தக் காடு மொத்தமே 4.97 ஹெக்டேர்தான். சின்னக் காடு என்று யாரும் தள்ளிவிடவில்லை.

நம் சாமிக் காட்டையும் அப்படி அறிவித்தால் கோயில் அரசாங்கத்துக்குப் போய்விடுமோ என்று பூசாரி அய்யா கேட்டார். நியாயமான பயம். ஆனால் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வரும் இந்த அறிவிப்பு, உள்ளூர் மக்களைக் கலந்து பேசிச் செய்வது. கும்பிடு, பொங்கல், நேர்த்திக்கடன் எல்லாம் வழக்கப்படியே நடக்கும்.

அக்டோபர் 2 கிராம சபை. மந்தை வேப்பமரத்தடிக்கு எல்லாரும் வாருங்கள், வேலைக்குப் போகும் பெண்கள் கட்டாயம் வாருங்கள். இரண்டு தீர்மானம் கேட்போம்: பாதையைக் கண்மாய்க் கரைக்கு மாற்ற வேண்டும், சாமிக் காட்டைப் பாரம்பரியத் தலமாக்கப் பரிந்துரைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவுடன் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். நகல் வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதுவரைக்கும், பொக்லைன் வந்தால் எந்நேரமானாலும் எனக்குச் சொல்லுங்கள். என் வீடு காட்டுக்கு நாலாவது வீடு.

உங்கள் ஊர்ப் பெண்