பழைய பைக்குக்கு பார்ட்ஸ் எங்க தேடுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இதழ்ல பழைய மோட்டார் சைக்கிள்கள் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் அருமை. ஆனா அந்த வண்டிகளுக்கு பார்ட்ஸ் எங்கேர்ந்து வருது, யாரு சரி பண்றாங்கன்னு ஒரு வரிகூட இல்லை. பழைய வண்டி வாங்க ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறதே அதைத்தான், அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

பார்ட்ஸ் கிடைக்கலைன்னு சொல்ற நிறைய பேர் டேங்க்ல இருக்கிற கம்பெனி பேரை மட்டும் வச்சு தேடுறாங்க. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிங்கள்ல பாதி சாமான் வெளியில வாங்கிப் போட்டதுதான், ஏரியல்லயும் மேட்ச்லெஸ்லயும் பர்மன் கியர்பாக்ஸ், பழைய என்ஃபீல்டுல ஆல்பியன், கார்புரேட்டர் பெரும்பாலும் ஆமல், மேக்னெட்டோ, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் தர்ற கரண்ட்டை உண்டாக்குற சாமான், லூகாஸ், சின்னச் சின்ன கம்பெனிங்க இன்ஜினையே வில்லியர்ஸ் கிட்டயும் ஜேஏபி கிட்டயும் வாங்கினாங்க. அதனால வண்டி பண்ண கம்பெனி மூடிப் போனாலும் பயந்துக்க வேண்டாம், ஆமல் கார்புரேட்டருக்கு இன்னிக்கும் புதுசா சாமான் வருது. பேரிங் விஷயம் இன்னும் சுலபம். நிறைய வண்டில அது பொது சைஸ்தான், அதோட வளையத்துலயே நம்பர் அடிச்சிருக்கும், 6204-ன்னு இருந்தா உள் விட்டம் 20 எம்எம், வெளி விட்டம் 47, அகலம் 14, எந்த நாட்டுல யாரு பண்ணாலும் இதே அளவுதான், பக்கத்துல சி3-ன்னு, அதாவது உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டதுன்னு, போட்டிருந்தா அதையும் சேர்த்துக் கேக்கணும். ஆயில் சீலுக்கும் இதே மூணு அளவு எடுத்துட்டுப் போனா போதும், பைக் கடைக்கே போக வேண்டாம், பேரிங் கடையில கிடைச்சிடும்.

அதனாலதான் சொல்றேன், கழட்டின பழைய பார்ட்டை தூக்கிப் போடாதீங்க. தேஞ்சு போனதா இருந்தாலும், உடைஞ்சதா இருந்தாலும் லேத்காரருக்கு அதுதான் டிராயிங், அதை வச்சு அளவெடுத்துதான் அவர் புஷ்ஷோ ஆக்சிலோ புதுசா கடைஞ்சு தர முடியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்‌ஷாப்ல கழட்டின சாமானையெல்லாம் வண்டிக்காரர் கிட்ட கேக்காமலே காயலாங்கடைக்குப் போட்டுட்டாங்க, அப்புறம் அந்த வண்டி எத்தனையோ மாசம் அப்படியே நின்னுச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறலை.

திரெட், அதாவது போல்ட்டு மறை, விஷயத்துலயும் இதே மாதிரி அவசரம்தான் கெடுக்குது. பிரிட்டிஷ் வண்டில விட்வொர்த்ங்கிற பழைய அங்குல திரெட் நிறைய வரும், அதோட மறைக் கோணம் 55 டிகிரி, நம்ம மெட்ரிக் போல்ட் 60 டிகிரி. 5/16 அங்குல போல்ட்டு கண்ணால பார்த்தா எட்டு எம்எம் மாதிரியே இருக்கும், உண்மையில 7.94 எம்எம். எட்டு எம்எம் போல்ட்டை அதுல போட்டா ஒண்ணு ரெண்டு சுத்து போகும், அப்புறம் டைட்டாகும், அங்க நிறுத்தாம ஸ்பேனர் போட்டு அமுக்கினா அலுமினிய கேஸ்ல இருக்கிற திரெட் மொத்தமா சீவிட்டு வந்துடும். மெக்கானிக் நல்லவரா இல்லையான்னு பார்க்க நான் இதைத்தான் பார்ப்பேன், கைல போகலைன்னதும் நிறுத்தி திரெட் கேஜை எடுக்கிறாரான்னு.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே கடையில பண்ணிடணும்னு நினைக்காதீங்க. ரீபோர், அதாவது தேஞ்ச சிலிண்டரை கொஞ்சம் பெருசாக் குடையறது, ஒருத்தர், கிராங்க் பிரஸ் பண்ணி டயல் கேஜ் வச்சு நேராக்குறது ஒருத்தர், மேக்னெட்டோ ரீவைண்டிங் வேற ஒருத்தர். வண்டி காலையில நல்லா ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்னு, ஆறினதும் மறுபடி ஸ்டார்ட் ஆச்சுன்னா மேக்னெட்டோ கண்டென்சரை, அதாவது ஸ்பார்க் சரியா வர உதவுற சின்ன பார்ட்டை, சந்தேகப்படணும், லூகாஸ்ல அது ஆர்மேச்சருக்குள்ளயே, அதாவது சுத்துற காயில் பகுதிக்குள்ளயே இருக்கு, நிறைய பேர் அது தெரியாம கார்புரேட்டரைப் போட்டுக் குடைஞ்சுட்டே இருப்பாங்க. ரீவைண்டிங் பண்றவர் கிட்ட போனா கண்டென்சரையும் மாத்தி காந்தத்துக்கும் சார்ஜ் ஏத்தித் தந்துடுவாரு.

ரீபோர் பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம், முதல்ல பிஸ்டனை கையில வாங்குங்க. ஓவர்சைஸ் பிஸ்டன் பிரிட்டிஷ் வண்டிக்கு 20 தௌ, 40 தௌன்னும் (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), மெட்ரிக் வண்டிக்கு 0.25, 0.50 எம்எம்-ன்னும் வரும், எந்த சைஸ் கிடைக்குதோ அதை அளந்து பார்த்து, அதுக்கு ஏத்த மாதிரி சிலிண்டரைக் குடையணும், குடைஞ்சுட்டு பிஸ்டன் தேடினா சிலிண்டர் வீணாப் போயிடும்.

ஐயா, இந்த வேலை தெரிஞ்சவங்க நிறைய பேர் வயசானவங்க, போர்டு கூட வச்சிருக்க மாட்டாங்க, விசாரிச்சு விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அவங்க சம்மதத்தோட வாரம் ஒருத்தரைப் பத்தி, லேத்காரரோ ரீவைண்டிங் பண்றவரோ, என்ன வேலை பண்றாங்க, என்ன மெஷின் வச்சிருக்காங்கன்னு ஒரு கால் பக்கம் போடுங்க. வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு வழி தெரியும், வேலை கத்துக்கணும்னு நினைக்கிற பசங்களுக்கும் யார்கிட்ட போய் நிக்கணும்னு தெரியும்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஓட்டும் உங்கள் வாசகர்