செவலையைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள கோமு,

நலம்தானே? உன் மூட்டுவலி, பெரியவளுக்கு வந்த வரன், சாத்தூரில் மழை, எல்லாவற்றையும் விவரமாக எழுது. எனக்கு இப்போது வேறு எதிலும் மனம் ஓடவில்லை. உன் தோட்டத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேனே, அந்த நாய்க்குட்டி, நம் செவலை, அதை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது.

பொதுக்குழுவில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் 15 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது, மாதம் 500 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. செவலை 24 கிலோ.

நாயைத் தராசில் நிறுத்திக் குணம் பார்க்கிறார்கள் என்று உங்கப்பாவிடம் சொல்லியிருந்தால் கம்பை எடுத்துக்கொண்டு சென்னைக்கே வந்திருப்பார். செவலை சிப்பிப்பாறை நாய், முயலை விரட்டப் பிறந்த இனம். உயரமாக, விலா தெரிய இருக்கும். செவலை கண்டதற்கெல்லாம் குரைப்பதும் இல்லை. சைதாப்பேட்டையில் அரசாங்கமே நிலையம் வைத்துச் சிப்பிப்பாறையை வளர்த்த ஊரடி இது! இதே ஊரில் அதற்கு ஒரு வீட்டில் இருக்க இடமில்லையாம். எனக்கு ஆறவே இல்லை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு செயலாளரைப் பார்க்கப் போனேன். பெரும்பான்மை இருந்தாலும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, உருவத்தைக் காரணம் காட்டக் கூடாது, லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. “அது வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லையே” என்றார். செல்லப்பிராணிகளுக்குத் தடை போடும் குடியிருப்புச் சங்க விதிகள் செல்லாது என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்றேன். “அது கேரளா” என்று ஃபைலை மூடிவிட்டார். நம் வார்டனம்மாவும் பூனையும் ஞாபகம் வருகிறதா? அதே முகம், அதே குரல்!

ஆனால் கோமு, ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி எழுந்தாள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில், இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறினவே, அதைச் சொன்னாள். அவளுக்கும் அதே வயதில் மகள். பேசும்போது கை நடுங்கியது. அவளிடம் போய் வாரியம், நீதிமன்றம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் பயம் நியாயமான பயம். அந்த நாய்களைக் கயிற்றில் கட்டி ஒருவர் கையில் பிடித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விதி போடுவதென்றால் வளர்ப்பவர்களுக்குப் போடட்டும். வெளியே வந்தால் கயிறு, பயப்படுகிறவர் லிஃப்டில் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது, வெறிநோய்த் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், அசிங்கம் செய்தால் நாமே அள்ளுவது. இதையெல்லாம் எழுதி நாய் வளர்க்கும் வீடுகளில் கையெழுத்து வாங்கிவிட்டேன். முதலில் அந்தப் பெண்ணிடம்தான் காட்டினேன். படித்துவிட்டு, “குழந்தைகள் விளையாடுகிற நேரத்தில் பார்க் பக்கம் வரக் கூடாது என்றும் சேருங்கள்” என்றாள். சேர்த்துவிட்டேன்.

“தோட்டத்துக்கே அனுப்பிவிடு, இங்கே ஓடித் திரியட்டும்” என்று நீ எழுதுவாய், தெரியும். அனுப்ப மாட்டேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு இருந்தது அது ஒன்றுதான்.

நம் ராஜாமணி இன்னும் வக்கீல் தொழிலில்தானே இருக்கிறான்? சங்கப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாமா, கோர்ட்டுக்கே போக வேண்டுமா என்று அவனிடம் கேட்டு எழுது. அடுத்த பொதுக்குழு மாதக் கடைசியில். அதற்குள் பதில் வர வேண்டும்.

உன்
வள்ளி