க்ளினிக் வாசலைத் திறந்துவிடுங்கள்: தென்னாப்பிரிக்க சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்காளராக வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். சொந்த ஊர் சேலம் பக்கம். உங்கள் நாடுதான் எனக்கு வேலை கொடுத்தது, என் மகள் பிறந்ததும் இங்கேதான். அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசு க்ளினிக் வாசலில், வெளிநாட்டவர்களை உள்ளே விடாமல் சிலர் மறித்து நின்றதைப் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதன் ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், பிழைப்புக்காக வெளிநாடு போனவர் ஒருவராவது இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் நாலைந்து வீடுகளில் துணி தேய்த்து, தரை துடைத்துப் பிழைக்கிறார் ஒரு பெண். ஜிம்பாப்வேயில் மஸ்விங்கோ பக்கத்துக் கிராமம். இங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் ‘சிஸி’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எட்டு மாதக் கர்ப்பம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது. க்ளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும் என்று ஐந்தாம் மாதமே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நாள் என் வீட்டுச் சமையல் மேடை அருகே நின்று தண்ணீர் குடித்தார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தார். பாதிதான் இருந்தது. ஏன் பாதி என்று கேட்டேன். “முழுசாப் போட்டா வெள்ளிக்கிழமையோட தீர்ந்துடும்” என்றார். அப்புறம்தான் மற்றது வெளியே வந்தது. இரண்டு முறை க்ளினிக்குக்குப் போய் வாசலோடு திரும்பியிருக்கிறார். முதல் முறை ஏழெட்டுப் பேர் கேட்டை மறித்து நின்று, தென்னாப்பிரிக்கக்காரர்கள் வைத்திருக்கும் பச்சை அடையாளப் புத்தகம் கேட்டார்களாம். இவர் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்கிறார். அதில் ஜிம்பாப்வே மக்களுக்கு உங்கள் அரசே கொடுத்த சிறப்பு அனுமதி இருக்கிறது. 2027 மே 28 வரை செல்லும் என்று உள்துறை அமைச்சரே அரசிதழில் அறிவித்த அனுமதி. அது இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை அதிகாலை நாலு மணிக்கே போனார். அவர்கள் அதற்கும் முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

மூன்றாவது முறை நான் கூடப் போனேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. லெனேசியாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண் என்று நினைத்திருப்பார்கள். நானும் வெளிநாட்டுக்காரிதான், என் கைப்பையிலும் இருந்தது ஒரு பாஸ்போர்ட்டும் விசாவும்தான். சிஸியை மட்டும் முழங்கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார்கள். காவலாளி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஜன்னல் வழியே ஒரு நர்ஸ் பார்த்தார், வெளியே வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரையும் மிரட்டி வைத்திருப்பார்கள். எனக்கும் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. பயம். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னால் வடக்கே லிம்போபோ மாகாணத்திலிருந்து வந்த ஒரு வயதானவர் நின்றிருந்தார். சொங்கா மொழி பேசுபவர், உங்கள் நாட்டுக் குடிமகன். அடையாளப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவரையும் துரத்திவிட்டார்கள்.

அமைச்சர் அவர்களே, சட்டத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது உங்கள் அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு. கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்கிறது 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம். எந்த நாட்டவர், என்ன ஆவணம் வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதை அறிவிப்பாக எழுதி ஒட்டவும் உத்தரவிட்டது. 2025 நவம்பர் 4 அன்று வெளிநாட்டவர்களை எதிர்க்கும் ஆபரேஷன் டுடுலா என்ற அமைப்பின் மீதான வழக்கில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: அடையாள ஆவணம் கேட்கும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் காவல்துறைக்கும்தான் உண்டு, தனி ஆட்களுக்குக் கிடையாது. தீர்ப்பு இருக்கிறது, அறிவிப்பும் இருக்கிறது. உள்ளே சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்கவாவது சிஸி முதலில் வாசலைத் தாண்ட வேண்டும் அல்லவா?

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாசலைத் திறந்துவிடுங்கள். க்ளினிக் திறப்பதற்கு முன்பே அங்கே ஒரு போலீஸ்காரர் நிற்கட்டும். மறிப்பவர்களை அவர் அகற்றட்டும். காவலாளிக்கும் நர்ஸுக்கும் நீங்கள் துணை நிற்பதாக எழுத்தில் ஓர் உத்தரவு போகட்டும்.

அங்கே மறித்து நிற்பவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் வேலை இல்லாமல் இருக்கும்போது, விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற தாய்க்கு மருந்து தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்த மருந்து எங்கே போனது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். டெம்பிசா மருத்துவமனையில் சந்தேகத்துக்குரிய பணப் பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டிய சுகாதாரத் துறை அதிகாரி பபிதா தியோகரன் 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் 200 கோடி ராண்டுக்கு மேல் சுருட்டப்பட்டதாக 2025 செப்டம்பரில் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு சொன்னது. சிஸி உங்களிடம் வாங்கிப்போவது ஓர் அட்டை மாத்திரை. 2022 கணக்கெடுப்பின்படி 6.2 கோடிப் பேர் வாழும் நாட்டில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர். ஒரு நாட்டின் மருந்து அலமாரியை இவர்களால் காலி செய்ய முடியாது. இதை நீங்கள் மேடையேறிச் சொன்னால் மக்கள் கேட்பார்கள். நீங்கள் சொல்லாத இடத்தில் வேறு யாரோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2008 மே மாதம் இங்கே அலெக்சாண்ட்ரா பகுதியில் வெளிநாட்டவர்களுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறையில் 62 பேர் செத்தார்கள். முழங்கைக்கு ஜூலு மொழியில் என்ன என்று கேட்டு, ‘இந்தொலொல்வானே’ என்று சொல்லத் தெரியாதவரை அடித்தார்கள். செத்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். அன்று க்ளினிக்கிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த லிம்போபோ பெரியவரின் முகம்தான் கண்ணில் நின்றது.

இந்த நகரத்தின் தங்கத்தை வெட்டி எடுத்தவர்களில் எத்தனை பேர் மொசாம்பிக், மலாவி, லெசோத்தோக்காரர்கள்! சுரங்கக் கம்பெனிகளே ஆள் அனுப்பி அவர்களைக் கூட்டிவந்தன. நுரையீரலில் கல்தூசி நிறைந்ததும் ஊருக்கு அனுப்பிவைத்தன. அவர்களுக்கான 500 கோடி ராண்ட் நஷ்டஈட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான். நிறவெறி ஆட்சியில் உங்கள் தலைவர்கள் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகா இடம் கொடுத்தது. லெசோத்தோவின் தலைநகர் மசேரு இடம் கொடுத்தது, 1982 டிசம்பரில் அதற்காகவே நிறவெறி அரசின் படையால் தாக்கப்பட்டு 42 உயிர்களை இழந்தது. அதில் 12 பேர் லெசோத்தோ மக்கள்.

ஜிம்பாப்வேக்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்றும் கேட்கிறார்கள். நூறு லட்சம் கோடி டாலருக்கு ஒரே நோட்டு அடித்த நாடு அது. மருத்துவர்களும் நர்ஸுகளும் கிளம்பிப் போய்விட்டார்கள், பிரசவத்துக்குப் போகும் பெண் கையுறையைக்கூடத் தானே வாங்கிக்கொண்டு போக வேண்டிய நிலை. 2008இல் அங்கே தேர்தல் முடிவைப் பிடித்துவைத்துக்கொண்டு இருந்தபோது, நெருக்கடி எதுவும் இல்லை என்று சொன்னவர் உங்கள் அன்றைய அதிபர். 2023 தேர்தலில் குறை இருப்பதாக வட்டார நாடுகளின் பார்வையாளர் குழுவே சொன்ன பிறகும், உங்கள் இன்றைய அதிபர் பதவியேற்பு விழாவுக்குப் போய் உட்கார்ந்தார். அரண்மனையில் கைகுலுக்கியவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை, அந்த ஆட்சியிலிருந்து தப்பி ஓடிவந்த பெண்ணிடம்தான் எல்லாக் கேள்வியும்.

பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்கு என் மகளை ஒருமுறை கூட்டிப்போனேன். தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். அனுமதி இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டியதுதான் அவள் மேல் சொன்ன குற்றம். சிறையில் வந்த காய்ச்சல் 1914 பிப்ரவரி 22 அன்று அவளைக் கொண்டுபோனது. பதினாறு வயது. எங்கள் மக்களிடம் இந்த மண்ணில் அன்று பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். உங்கள் மக்களிடம் அதற்கப்புறம் ‘டொம்பாஸ்’ என்ற அனுமதிப் புத்தகம் கேட்டார்கள். அதை எதிர்த்து நின்ற 69 பேரை 1960இல் ஷார்ப்வில்லில் சுட்டுக் கொன்றார்கள். அமைச்சர் அவர்களே, உங்கள் பெற்றோர் காலத்துக் கதை இது. காகிதம் காட்டு என்று தெருவில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. உங்கள் நாட்டின் குடியேற்றக் கொள்கையை முடிவு செய்வது நானில்லை. யாருக்கு அனுமதி நீட்டிப்பது, எல்லையில் எப்படிக் காவல் வைப்பது என்பதெல்லாம் நீங்களும் உங்கள் மக்களும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. அதையெல்லாம் முடிவு செய்யும் இடம் க்ளினிக் கேட் இல்லை. மறிப்பவர்கள் எந்த அமைப்பு, எந்தக் கட்சி என்ற விசாரணைக்கும் நான் வரவில்லை. காசநோய்க்கோ எச்ஐவிக்கோ மருந்து சாப்பிடுபவரை நடுவில் திருப்பி அனுப்பினால் நோய் யார் வீட்டுக்கெல்லாம் போகும் என்பது மருத்துவத் துறையை நடத்தும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தயவுசெய்து அந்த வாசலைத் திறந்துவிடுங்கள். சிஸிக்கு அடுத்த முறை வரும் செவ்வாய்க்கிழமை. அரை மாத்திரைகளாக எண்ணினால் அதுவரைக்கும் ஒன்று குறைகிறது. காலை ஐந்து மணிக்கு அவரை என் காரில் கூட்டி வருவேன். இந்த முறை என் பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நிற்பேன். நாங்கள் வருவதற்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜோகன்னஸ்பர்க்கில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்