அந்தப் பென்சில் கோடு: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

இன்று மார்ச் 10. இன்றும் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன். நீங்கள் வேலையை விட்ட கதை உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. இதை வேறு சிலரும் படிப்பார்கள். அங்கேயே இன்னும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அதனால் சில பெயர்களை விழுங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2021, அந்த மதியக் கூட்டம். அமெரிக்க வங்கிகளின் வருவாய் ஈட்டும் சொத்துகளை, அதாவது வட்டி தரும் கடன், பத்திரம் எல்லாவற்றின் மொத்தத்தையும், வரைபடமாகத் திரையில் போட்டேன். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. "வங்கிப் பணம் வேலை செய்கிறது, பொருளாதாரம் மீண்டுவிட்டது" என்றேன். நீங்கள் என் தாளை உங்கள் பக்கம் இழுத்து, பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டீர்கள். கோட்டுக்கு மேலே கடன்கள். கீழே அரசுப் பத்திரங்கள், வீட்டுக் கடன்களைத் திரட்டி அவற்றின் பேரில் விற்கும் பத்திரங்கள், மத்திய வங்கியில் கிடக்கும் இருப்பு. அழுத்தியதில் முனை ஒடிந்து, தாளில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. "மொத்தத்தைக் காட்டாதே. இதில் எது வளர்ந்தது, அதைச் சொல்." மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "பத்திரமும் வட்டி தருகிறதே?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "பழைய ஆட்களுக்குக் கடன் மட்டும்தான் கண்ணில் படும்" என்றும் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள்.

மன்னித்துவிடுங்கள். ஆனாலும் கணக்குப்படி நான் சொன்னது தப்பில்லை அக்கா. 2008 அக்டோபரில் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், தன்னிடம் வங்கிகள் வைத்திருக்கும் இருப்புக்கு வட்டி தர ஆரம்பித்ததும், அதுவரை சும்மா கிடந்த பணம்கூட இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அது பெருத்ததை வளர்ச்சி என்று படித்ததுதான் என் தப்பு. டெபாசிட் வந்து குவிகிறது, கடன் கேட்க ஆள் இல்லை, வங்கி பத்திரம் வாங்கி வைக்கிறது. அப்போதும் கோடு ஏறத்தான் செய்யும்.

உங்கள் பென்சில் கோடும் முழுசாகக் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கடனும்தான் எகிறியது. நிறுவனங்கள் பயந்துபோய், ஏற்கெனவே அனுமதி வாங்கிய கடன் வரம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டன. அதை வளர்ச்சி என்பீர்களா? கடன் கெட்டுப்போய் வட்டி நின்று, அது கணக்கை விட்டு வெளியேறும்போது தொழில் படுத்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

பிறகு 2023. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியின் டெபாசிட் 2019 கடைசியில் சுமார் 6,200 கோடி டாலர். இரண்டே வருடத்தில் சுமார் 18,900 கோடி. அதில் பெரும்பகுதியை நீண்டகாலப் பத்திரத்தில் போட்டிருந்தார்கள். எல்லாமே வருவாய் ஈட்டும் சொத்துதான், என் வரைபடத்தில் அழகாக ஏறியிருக்கும். 2022இல் வட்டி விகிதம் ஏற, பத்திரங்களின் விலை விழுந்தது. அந்த நஷ்டம் வெளியே தெரிந்ததும், 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை டெபாசிட் போட்டவர்கள் எடுத்தார்கள். மறுநாள் வங்கியை மூடினார்கள். அன்று ராத்திரி உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

ஆனால் எனக்கும் கோபம் உண்டு. என் வரைபடத்தை வைத்து எழுதிய அந்த அறிக்கை வெளியே போவதற்குள் ஒரு வாரம் இருந்தது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது போயிருக்காது. ஏன் போட்டீர்கள்? மேலிடத்தில் யார் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. சிரித்தவர்கள் முன்னால் சும்மா இருந்துவிட்டு, என்னையும் அப்படியே விட்டுவிட்டுப் போனீர்கள். அது பெருந்தன்மையா, அலுப்பா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பெடரல் ரிசர்வின் வாராந்தர அறிக்கை வந்ததும், இப்போது முதலில் கடன் வரிக்குத்தான் போகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் மொத்தத்தைக் காட்டினால் பென்சிலைத் தேடுகிறேன்.

கூட்டம் முடிந்து அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போனீர்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு நான் அதை எடுத்துவைத்துக்கொண்டேன். கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன். பழைய முகவரிதானா?